புளி அறைக்கு வந்த சர்வர்

அன்று கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, கடைக்காரர் பாய், பிரிண்டரைப் பழுதுபார்த்து வாங்க வந்து நாற்காலியை விட்டு எழாமலே இருந்த ஒரு வக்கீல் குமாஸ்தா. வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று அங்கே ஒரு பேச்சு பேசி முடிவானது. அதற்கு எழுத்து கிடையாது, இந்த ஐந்து பேர்தான் சாட்சி.

வேலூரில் ஒரு மாடியில் இருந்தது கடை. கம்பெனிகள் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கித் துடைத்து விற்பார்கள். ஜவ்வாது மலையிலிருந்து அமிர்தி வழியாக வரும் முதல் பஸ்ஸில் இறங்கி, மாமியாருக்குக் கண் பரிசோதனை முடித்துக்கொண்டு அங்கே ஏறினோம். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அவருக்கு எல்லாம் மங்கல். படியில் ஏறும்போதே, "என்ன எங்க இட்டுனு போறீங்க?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். வீட்டுக்காரர் தோளில் ஒரு சாக்கு. சாக்குக்குள் எங்கள் பழைய கம்ப்யூட்டர். தையில் செத்துப்போனது. அதைக் கொடுத்தால் ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ கழித்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். வீட்டுக்காரர் மலை ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் கேமரா பிடிப்பார். வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் பக்கத்து ஊர்களில் பாதிக்குச் சிக்னல் கிடையாது. பாறைமேல் ஏறி நின்றால் ஒரு கோடு வரும், திரும்பினால் போய்விடும். ஆகவே இன்டர்நெட்டில் ஏற்றி வைப்பது என்பதெல்லாம் எங்களுக்குக் கதை. சந்தை நாளில் ஜனங்கள் சாமான் வாங்கிக்கொண்டு அப்படியே எங்கள் வீட்டுக்கு வருவார்கள். "எங்க வூட்டுக் கல்யாணத்தப் போடும்மா" என்று உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்ப்பார்கள். பழைய போன் தொலைந்திருக்கும், மெமரி கார்டைக் குழந்தை வாயில் போட்டுக் கடித்திருக்கும். மறுபடி பதிந்து கொடுப்பேன். இரண்டாவது தடவைக்குக் காசு வாங்கியதில்லை. "எங்கிட்ட எப்பவும் இருக்கும், வாங்க" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அந்தச் சொல்லை நம்பித்தான் அடுத்த விசேஷத்துக்கும் எங்களைக் கூப்பிட்டார்கள்.

எல்லாம் கையடக்க ஹார்டு டிஸ்க்குகளில் இருந்தன. அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் துணி சுற்றி வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் செத்தபிறகு ஒரு இரவல் லேப்டாப்பில்தான் என் வேலை ஓடியது. பங்குனியில் அவற்றில் ஒன்று சத்தம் போட ஆரம்பித்தது. காதருகே வைத்தால் டிக், டிக் என்று பல்லி மாதிரி. இரண்டு வருஷ விசேஷங்கள் முழுக்க அதில்தான். நான் சும்மாவே பயப்படுகிறவள். பஸ் வளைவில் திரும்பினால் கவிழ்ந்துவிடும் என்று நினைப்பேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறேன். டிக் டிக் கேட்ட நாளிலிருந்து யார் வாசலில் வந்து நின்றாலும் அவர்கள் வீட்டு விசேஷம் அதில் இருக்கிறதா என்றுதான் மனம் முதலில் தேடும்.

வழி கண்டுபிடித்ததும் அந்தப் பயத்தால்தான். கீழே சிக்னல் உள்ள இடத்துக்குப் போகும்போதெல்லாம் இதைச் சொல்லித்தரும் வீடியோக்களைப் போனில் இறக்கிக்கொண்டு வந்து, வீட்டில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க். எழுதுவதெல்லாம் இரண்டிலும் எழுதப்படும், ஒன்று போனால் மற்றது நிற்கும். இன்டர்நெட் இல்லாமலே டிவியிலும் போனிலும் அதிலிருந்து பார்க்கலாம். வாசலைப் பார்க்கிற சிசிடிவி கேமராவும் அதிலேயே பதியும். அதற்குப் பெயர் சர்வர். பெரிய கம்பெனிகளில் மட்டும் இருப்பது என்று நினைத்திருந்தேன். பழைய கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கையில் முப்பதாயிரம் இருந்தது. அதற்குள் எல்லாம் முடியவேண்டும்.

கடையில் வீட்டுக்காரருக்கு முதலில் பிடித்தது ஒரு குட்டிப் பெட்டி. நோட்டுப் புத்தகம் அளவு, கறுப்பு, பளபளப்பு. பன்னிரண்டாயிரம் சொன்னார் பாய். குமாஸ்தா குறுக்கே வந்தார்.

"அதெல்லாம் வேணாங்க. கலர் லைட்டு எரியும் பாருங்க, கேம் ஆடற பொட்டி, அத வாங்குங்க. எங்க அக்கா பையன் வாங்கியிருக்கான். ராக்கெட்டு மாதிரி போவுது."

"எங்களுக்கு எங்கயும் போவ வேணாங்க. இருந்த எடத்துல இருந்தா போதும்" என்றேன்.

பிறகு பாயிடம் திரும்பி என் கேள்வியை ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். எதை வாங்கினாலும் இப்படித்தான் கேட்பேன், குக்கர் என்றாலும் சரி.

"பாய், இதுல ப்ராசசர் போனா இன்னா ஆவும்?"

"போவாதும்மா. போனா வேற பொட்டி வாங்கி டிஸ்க்க அதுல மாட்டிக்கோ."

"ராம் போனா?"

"அதுவும் அப்டித்தான். ரெண்டு நாள் வேல நிக்கும்."

"பவர் சப்ளை?"

"எங்கிட்டயே கெடக்குது. கழட்டி மாட்டினா ஆச்சு."

"டிஸ்க் போனா?"

பாய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"இன்னாங்க இது," என்றார் குமாஸ்தா, "பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி ஒவ்வொண்ணா கேக்கறாங்க!"

"பொண்ணு பாக்கறப்பகூட எங்கம்மா இவ்ளோ கேக்கல" என்றார் வீட்டுக்காரர்.

"கேட்டிருக்கணும்" என்றார் மாமியார், கண்ணை மூடிக்கொண்டே.

சிரித்து முடிக்கும்போது என் கணக்கு தெளிவாகியிருந்தது. காசு கொடுத்தால் மறுபடி கிடைக்கிற சாமானுக்குக் குறைவாகச் செலவு செய்யவேண்டும். டிஸ்க்கில் இருப்பதுதான் மறுபடி கிடைக்காது. அதனால் பாதிக்கு மேல் பணம் டிஸ்க்குக்குப் போகவேண்டும், அதுவும் புதிது, பில்லோடு, கேரண்டியோடு. பெட்டி பழையதாக இருக்கலாம். குட்டிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். பெரிய டிஸ்க் உட்கார உள்ளே இடமே இல்லை. வெளியே ஒயரில் தொங்கவிடவேண்டும். சந்தை நாளில் பத்துப் பேர் வந்து போகிற வீட்டில் தொங்குகிற ஒயர் என்னத்துக்கு ஆகும்?

மூலையில் ஒரு உயரப் பெட்டி நின்றது. ஏதோ ஆபீஸில் இருந்து வந்தது, பக்கத்தில் ஸ்டிக்கர் உரித்த தழும்பு. குட்டிப் பெட்டியைவிட இரண்டு தலைமுறை பழையது. ஆனால் இரண்டு டிஸ்க்குக்கும் உள்ளே தனித்தனியாக இடம் இருந்தது. எட்டு ஜிபி ராம். சர்வரின் சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ளச் சின்னதாக ஒரு எஸ்.எஸ்.டி. அதிலேயே இருந்தது. வீடியோவைச் சுருக்கித் தர தனிக் கார்டு வேண்டாம், அந்த ப்ராசசரே செய்யும் என்று நான் பார்த்து வைத்திருந்தேன். பாயும் ஆமாம் என்றார். ஏழாயிரத்து ஐந்நூறு.

"இதுவா? எருமமாடு மாதிரி இருக்குது" என்றார் வீட்டுக்காரர்.

"கறக்குமா கறக்காதா, அதப் பாருங்க" என்றேன்.

நாலு டிபி டிஸ்க் இரண்டு, ஒன்று ஒன்பதாயிரத்து இருநூறு. கரண்டு போனால் தாங்க ஒரு யூ.பி.எஸ்., இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். எல்லாம் சேர்த்து இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு. பயந்தாங்கொள்ளி என்று பெயரெடுத்த நான்தான் அந்தத் தொகையைச் சத்தமாகச் சொன்னேன், குரல் நடுங்காமல். பாய் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"சரி, அந்தச் சாக்கக் குடுங்க. பழசுக்கு எவ்ளோ போடலாம்னு பாப்போம்."

ஸ்க்ரூ திரும்பவில்லை. எண்ணெய் விட்டுத் திருப்பினார். மூடி வந்ததும் உள்ளே எட்டிப் பார்த்த பாய் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, கடலோரத்துலயா வூடு?"

"மலமேல பாய்."

"வெளையாடாதம்மா. மெட்ராஸ்ல பீச்சாண்ட இருந்து வர்ற பொட்டிதான் இப்டி இருக்கும்."

நானும் பார்த்தேன். மதர்போர்டின் பின்களெல்லாம் பச்சை. ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஃபேன் இறக்கைகளில் பழுப்பாக ஒரு பிசுக்கு. பனி ஈரத்தில் செத்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"வெறும் ஈரத்துக்கு இவ்ளோ பூக்காது. இதுல உப்பு ஏறியிருக்குது" என்றார் பாய். "மலைல உப்பு எங்கேர்ந்து வரும்?"

மாமியார் கையை நீட்டித் தடவிக்கொண்டே மேஜைக்கு வந்தார். கண்தான் மங்கல், மூக்கு இல்லை. திறந்த பெட்டிக்குமேல் குனிந்து மூச்சை இழுத்தார்.

"டேய், இது நம்ம புளிடா."

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் ஓடு போட்ட பகுதியில் அடுப்பு, படுக்கை எல்லாம். ஒரே ஒரு அறைக்குத்தான் காங்கிரீட் தளம், ஒழுகாது, பூட்டும் உண்டு. விலை உள்ள பொருள் எல்லாம் அங்கேதான் போகும். மாமியாருக்கு விலை உள்ள பொருள் புளி. கொட்டை எடுத்து, உப்புத் தூவி, கூடைகளில் அழுத்தி வைத்து, ரேட்டு ஏறும்வரை காத்திருப்பார். எனக்கு விலை உள்ள பொருள் கம்ப்யூட்டர். இரண்டையும் ஒரே அறையில் பத்திரப்படுத்தி, ஈரம் நுழையக்கூடாது என்று கதவுக்கடியில் நானே துணி வேறு சுருட்டி அடைத்து வைத்திருந்தேன். வருஷம் முழுக்க அந்த ஃபேன் உப்பையும் புளியையும்தான் இழுத்து மூச்சு விட்டிருக்கிறது. பிஸ்கட் டின்னும் அதே அறையில்தான். மூடி இறுக்கமாக இருந்ததால் பிழைத்தோம்.

"அப்ப புது பொட்டிய நடுவூட்ல வெச்சிக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"அங்க பொக. மழ வந்தா ஓடு ஒழுவுது. போன ஐப்பசில உங்க கட்டில எங்க நவுத்தனோம்?" என்றேன்.

பாய், "எங்கிட்ட பொட்டி இருக்குது விக்கறதுக்கு, வூடு இல்ல" என்றார்.

மேஜையில் அந்த உயரப் பெட்டியும் இரண்டு புது டிஸ்க்கும் இருந்தன. மனதுக்குள் டிக் டிக். இவ்வளவு தேடிச் சரியான சாமானைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அதைக் கொண்டுபோய்ப் புளிக்கூடைக்குப் பக்கத்தில் வைத்தால் நான் செய்தது எல்லாம் வீண். பேச்சு வந்துவிட்டது.

"அத்த, புளிய வித்துடலாம்."

"இன்னாது?"

"இப்பவே. இந்த வாரமே."

"வைகாசில எவளாவது புளி விப்பாளா? அறுப்பு முடிஞ்சி எல்லாரும் கொட்டி வெச்சினு இருக்கறாங்க. ஐப்பசி வரட்டும்."

"அதுவரைக்கும் அந்த டிஸ்க் தாங்காது அத்த. இப்ப இன்னா ரேட்டுக்கு விக்கறோமோ, ஐப்பசில இன்னா ரேட்டு வருதோ, ரெண்டுக்கும் நடுவுல உள்ளத நான் குடுக்கறேன்."

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து ரூபாய் கீரைக்கட்டுக்கு இரண்டு தெரு நடக்கிறவள் இப்படிப் பேசுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"மொத்தப் புளிக்குமா?" என்றார் மாமியார்.

"மொத்தத்துக்கும்."

"ரேட்டு எறங்கிட்டா?" என்று கேட்டது குமாஸ்தா. பிரிண்டரை மறந்தே போயிருந்தார்.

"எறங்குனா அவ அதிர்ஷ்டம். எங்கிட்ட திருப்பிக் கேக்கக்கூடாது" என்றார் மாமியார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தச் சத்தம் போடற டிஸ்க்குல யார் யார் வூட்டு விசேஷம் இருக்குது?"

ஊர் ஊராகச் சொன்னேன். திருவிழாவும் அதில்தான் என்றேன்.

"நான் பொங்கப்பான தூக்கினு வர்றது?"

"அதுவும்தான்."

"அப்ப அத மொதல்ல எடுத்துடு" என்றார். பிறகு மங்கலாகத் தெரிந்த பாயையும் குமாஸ்தாவையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்கினீங்க இல்ல? நாளைக்கு இவ இல்லன்னு சொன்னா உங்களத்தான் இட்டாருவேன்" என்றார்.

"மலமேலயா? பஸ் காசு யாரு குடுப்பாங்க?" என்றார் குமாஸ்தா.

பழைய பெட்டிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதன் தகர மூடியை மட்டும் பாய் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு ஒயர் கொடுத்தார். டிஸ்க்கைப் பற்றி ஒரு பேச்சும் சொல்லி அனுப்பினார்: "சத்தம் போடறத சும்மா சும்மா போட்டுப் பாக்காத. எல்லாம் தயார் பண்ணிட்டு ஒரே வாட்டி போடு, நிறுத்தாம எடுத்துடு."

திரும்பும் பஸ்ஸில் உயரப் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார் கண்டக்டர். டிஸ்க்குகளுக்குப் போடவில்லை, அவை என் மடியில் இருந்தன. கணியம்பாடி தாண்டி, அமிர்தி தாண்டி, மலையேறும் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். பஸ் கவிழும் என்று அன்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. டிஸ்க் குலுங்காமல் போகவேண்டும் என்ற ஒரே நினைப்புதான்.

அந்த வாரமே வியாபாரி வண்டியோடு வந்தார். இருநூற்று நாற்பது கிலோ நின்றது. கிலோ நூற்றுப்பத்துக்குப் பேசினார். மாமியார் தராசை மூன்று தடவை சரிபார்த்தார், பிறகு வண்டி போகிற வரைக்கும் வாசலில் நின்றார். நான் அறையைக் கழுவினேன். தரை, சுவர், ஜன்னல் கம்பி எல்லாம். கழுவின தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. உப்பு போகிறவரைக்கும் கழுவிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். நன்றாகக் காய்ந்த பிறகு, தரையிலிருந்து உயர்த்தி ஒரு இரும்பு ஸ்டாண்டில் பெட்டியை வைத்தோம். முன்பக்கம் காற்று போகிற மாதிரி மெல்லிய துணி கட்டினேன். சாஃப்ட்வேர் போடுவதில் மூன்று தடவை தப்பாகி நாலாவது தடவை ஏறியது. அதில் எனக்கு வெட்கம் இல்லை.

பிறகு ஒரு நாள் காலையில் சத்தம் போடுகிற டிஸ்க்கைச் செருகினேன். முதலில் திருவிழா, சொன்னபடி. அடுத்து மற்றவை. மாமியார் கதவருகே உட்கார்ந்து ஆளை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார். மத்தியானம் கரண்டு போனது. யூ.பி.எஸ். பீப் என்றது, பெட்டி நிற்கவில்லை. வீட்டுக்காரர் மீட்டர் பெட்டியைப் பார்த்து நின்றுகொண்டு, "வந்துடும், வந்துடும்" என்று என்னிடமா கரண்டிடமா தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வந்துவிட்டது. சாயங்காலம் ஆடு திரும்புகிற நேரத்துக்கு எல்லாம் ஏறி முடிந்தது. இரண்டே இரண்டு வீடியோ மட்டும் வரவில்லை. எவை என்று பார்த்தேன். இரண்டும் வீட்டுக்காரர் கேமராவை நிறுத்த மறந்து தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபோது பதிந்தவை. வெட்டி எறிவதற்காக நானே தனியாகப் பெயர் போட்டு வைத்திருந்தேன், உள்ளே அவருடைய செருப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"என் செருப்பு போச்சா?" என்றார்.

"அந்த டிஸ்க்குக்குக்கூட புடிக்கல" என்றார் மாமியார்.

அடுத்த வாரம் மறுபடி செருகிப் பார்த்தேன். அந்த டிஸ்க் அசையவே இல்லை. அதைத் தூக்கிப் போட மனம் வராமல் டின்னிலேயே வைத்திருக்கிறேன். மற்ற டிஸ்க்குகளும் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் ஏறிவிட்டன. சந்தை நாளில் இப்போது நான் எதையும் தேடுவதில்லை. ஊர்ப் பெயரைத் தட்டினால் டிவியில் வந்துவிடுகிறது. வந்தவர்கள் தங்கள் போனிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். வாசலில் யார் வந்து நின்றாலும் பயமில்லாமல் "வாங்க" என்கிறேன். மாமியார் பொங்கல் பானையை எத்தனை தடவை பார்த்தார் என்பதற்குக் கணக்கில்லை. அடுத்த அறுப்புப் புளிக்குப் பின்பக்கம் தனியாகத் தகரக் கொட்டகை போட்டாகிவிட்டது.

ஐப்பசி வந்தது. மாமியார் யாரையும் நம்பவில்லை. வேறு ஒரு வியாபாரியிடமும், கலசப்பாக்கத்தில் இருக்கும் சொந்தக்காரரிடமும் கேட்டு, இரண்டு பேரும் ஒரே ரேட்டைச் சொன்ன பிறகுதான் என்னிடம் வந்தார். நூற்று முப்பத்தைந்து.

"கிலோவுக்கு இருவத்தஞ்சி. இருநூத்தி நாப்பது கிலோ. நீயே கணக்கு போட்டுச் சொல்லு" என்றார்.

"ஆறாயிரம் அத்த."

"இந்தப் பணத்தையும் சேத்தா அந்தக் குட்டிப் பொட்டியே வாங்கியிருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். ஆறாயிரத்தையும் சேர்த்தால்கூட என் கணக்கு தப்பில்லை என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், உங்கள் படம் போய்விட்டது என்று சொல்ல எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அதற்கு ரேட்டு அவருக்கும் தெரியவில்லை.

போன மாதம் உபரியாக ஒரு பவர் சப்ளை வாங்கி வைக்க பாய் கடைக்குப் போயிருந்தேன். அதே நாற்காலியில் அதே குமாஸ்தா, மடியில் அதே பிரிண்டர்.

"புளி ரேட்டு இன்னாம்மா ஆச்சி?" என்றார்.

சொன்னேன். எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார், அதையும் சொன்னேன். ஒவ்வொரு விசேஷம் முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக மூவாயிரத்து எழுநூறு கொடுத்திருக்கிறேன். மாமியார் ஒரு ரூபாய் குறைக்கவில்லை, நானும் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. பாக்கி இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.